மீன் வெட்டாத வீடு

குருநகர்
20.02.2025

அன்புத் தங்கச்சி ஜசிந்தாவுக்கு,

இங்கே நான், உன் அத்தான், மாமி மூவரும் சுகம். கண்டிக் குளிர் உன் நெஞ்சில் ஏறக்கூடாது என்று மாமி இரவுச் செபத்தில் தனியாக ஒரு மன்றாட்டுச் சேர்த்திருக்கிறா. கன்னியாஸ்திரி ஆகப் பயிலும் நவகன்னியர் மடத்தில் கைபேசிக்கு இடமில்லை என்று நீ போன நாளிலிருந்து, இந்தப் பக்கத்தில் முத்திரை வாங்குகிற ஒரே இளம் பெண் நான்தான் போல. தபால் கந்தோரில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்.

விசயத்துக்கு வருகிறேன். கொழும்பு ஆஸ்பத்திரியில் படம் எடுக்கத் திகதி கிடைத்துவிட்டது. மார்ச் முப்பத்தொன்று போக வேண்டும். போன வருடம் என் கழுத்தில் வெட்டி எடுத்தது கான்சர் என்பது உனக்கும் எங்கள் வீட்டுக்கும், பிரான்சில் அண்ணையோடு இருக்கிற அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கு அது வெறும் கழலை. அப்படியே இருக்கட்டும். பிறகு குடித்த மருந்து மிச்சம் மீதியையும் அழித்துவிட்டதா என்று இந்தப் படத்தில் தெரிந்துவிடும். சுத்தமாக இருந்தால் பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம் என்றார் டொக்டர். இல்லாவிட்டால் மறுபடியும் மருந்து, மறுபடியும் ஒரு வருடக் காத்திருப்பு.

படம் எடுப்பது சுலபமாம். அதற்கு ஆயத்தம் செய்வதுதான் வேலை. கழுத்தில் ஏதும் மிச்சம் கிடந்தால் அது அயடீனுக்குப் பசித்திருக்க வேண்டும். அப்போதுதான் சோதனைக்காகத் தருகிற கதிர்வீச்சு அயடீனைப் பாய்ந்து விழுங்கும், கமராவில் துலங்கும். ஆகவே நாலு கிழமைக்கு முன்பே தைரொயிட் குளிசையை நிறுத்த வேண்டும். கடைசி இரண்டு கிழமையும் கடலிலிருந்து வருகிற எதுவும் வாயில் படக்கூடாது. மீன், நண்டு, றால், கணவாய், கருவாடு, மாசி, உப்பு. பாலும் முட்டையும் கடைப் பாணும்கூட இல்லை. சோறு, மரக்கறி, பழம், உப்புப் போடாத இறைச்சி சாப்பிடலாம்.

இதைக் கேட்டு மாமி, அப்ப என்னத்தைத்தான் சமைக்கிறது என்று கேட்டா. உன் அத்தான் ஜெரிசன் தானும் அதையே சாப்பிடுவதாகச் சொல்லிவிட்டார். வலை இழுக்கிற மனிதருக்குப் புடலங்காய் காணாது, கோழியாவது வேண்டும். அந்த இரண்டு கிழமையும் தவக்காலத்துக்குள் விழுகிறது. ஊரெல்லாம் இறைச்சியை விட்டுவிட்டு மீன் சாப்பிடும்போது, நாங்கள் மீனை விட்டுவிட்டு இறைச்சி சாப்பிடப் போகிறோம். இது பாவமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னா மாமி. மடத்தில் இருப்பதால் உனக்குத் தெரியும் என்று நம்புகிறா.

இரவில் போர்த்திக்கொண்டு படு.

உன் அக்கா
ஷெரோன்


கண்டி
28.02.2025

அன்பின் அக்கா,

சுகமாக இருந்த நான் உங்கள் கடிதம் கண்டு இன்னும் சுகமானேன். அத்தானையும் மாமியையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.

மாமியின் கேள்வியை எங்கள் தாய்ச் சிஸ்டரிடமே கொண்டுபோனேன். நோயாளிக்கு இறைச்சி ஒரு தடையும் இல்லையாம். நோயாளிக்குத் துணையாகச் சாப்பிடுகிற புருசனுக்கு என்ன சட்டம் என்று கேட்டேன். அதற்குப் புத்தகத்தில் ஒன்றும் இல்லையாம், சிரித்தா. பிறகு, குருநகர்ப் பிள்ளை மீனை விடுகிறதை விடப் பெரிய ஒறுத்தல் உலகத்தில் இருக்கிறதா என்று என்னையே திருப்பிக் கேட்டா. நான் யோசித்துப் பார்த்து, இல்லை என்றேன்.

இனித் தவக்காலம். நாங்கள் கடிதம் எழுதுவதில்லை. நடுவில் வருகிற மகிழ்ச்சி ஞாயிறு அன்று மட்டும் ஒன்று எழுதலாம். உங்களுக்குச் சுகமில்லை என்பதால் உங்களிடமிருந்து வருவதை வாசிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. பதில் வரவில்லை என்று நிறுத்திவிடாதேங்கோ.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் மீனைப் பற்றி இருக்கிறது, உப்பைப் பற்றி இருக்கிறது, மாமியைப் பற்றி நிறைய இருக்கிறது. பயமாக இருக்கிறதா இல்லையா என்று ஓரிடத்திலும் இல்லை.

செபத்தில் உங்களை நினைக்கும்
ஜசிந்தா


குருநகர்
17.03.2025

அன்புத் தங்கச்சி,

எல்லோரும் சுகம் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை மற்ற இருவரும் சுகம், நான் நித்திரை. குளிசையை நிறுத்தி இரண்டு கிழமை. கந்தோரில் கோவையைத் திறந்தால் கண் மூடுகிறது. போன வியாழன் பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், வெயிலில் நடந்து வந்தேன். முகம் வீங்கி அதைத்து, குரல் கரகரத்துவிட்டது. அம்மா போனில் என்னை ஜெரிசன் என்று நினைத்து, “மகன், ஷெரோன் எப்பிடி இருக்கிறாள்?” என்று கேட்டா. ஓம் மாமி, நல்லாய் இருக்கிறாள் என்று நானும் சொல்லிவைத்தேன்.

நேற்றோடு மீன் முடிந்தது. கப்பல் ஏறிப் போகிறவளுக்குச் சமைக்கிற மாதிரி மாமி சமைத்தா. விளைமீன் குழம்பு, நண்டுக்கறி, கணவாய்ப் பிரட்டல். ஜெரிசன் நண்டுக்காலை உடைத்து உடைத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் மாமி எல்லாச் சட்டிகளையும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தா. மீன் வெட்டிய கையால் மரக்கறி வெட்டினால் அயடீன் ஒட்டிவிடும் என்பது அவவின் முடிவு. இனி இரண்டு கிழமைக்கு வீட்டுப் படலைக்குள் மீனே வராது. ஜெரிசன் பிடிக்கிறதை எல்லாம் கரையிலேயே விற்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வர வேண்டும் என்று கட்டளை.

நீ கேட்ட மற்றக் கேள்விக்கு: இங்கே வெயில் நல்லாய் ஏறிவிட்டது.

உடம்பைக் கவனி.

உன் அக்கா
ஷெரோன்


குருநகர்
23.03.2025

அன்புத் தங்கச்சி,

நீ சுகமாய் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு நேரே கதைக்கு வருகிறேன், ஏனென்றால் கதை இருக்கிறது.

எங்களைக் காட்டிக்கொடுத்தது பூனைகள். கிணற்றடியில் மாமி மீன் வெட்டுகிற இடத்தில் குந்தியிருக்குமே, அதுகள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு மக்டலீன் அன்ரியின் கிணற்றடிக்குக் குடிபோய்விட்டன. அன்ரியை நீ மறந்திருக்க மாட்டாய். விடியக் கரையில் மீன் வாங்கி விற்பவ, பின்னேரம் கோயிலில் செபம் சொல்லிக்கொடுப்பவ, இடைநேரத்தில் ஒழுங்கையைக் கவனிப்பவ.

கடலுக்குப் போகிறவன் வீட்டில் மீன் வெட்டுகிற சத்தம் இல்லையென்றால் வலையில் ஒன்றும் படவில்லை என்று அர்த்தம். ஏன் என்று கேட்பது அவமரியாதை. ஒன்றும் கேட்காமல் ஒரு கோப்பை கறி அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். முதலாம் நாள் அன்ரி சூடைமீன் பொரியல் அனுப்பினா. மறுநாள் மூன்று வீட்டிலிருந்து வந்தது. ஒருவர் திரளிமீன், ஒருவர் றால், ஒருவர் மாசி போட்ட சம்பல். வாங்காமல் விட்டால் முகத்தில் அடித்த மாதிரி. மாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கி, மூடி, பின்வேலியால் தன் தங்கச்சி வீட்டுக்குக் கடத்துகிறா. அந்த வீட்டில் இந்தக் கிழமை கலியாண வீட்டுச் சாப்பாடு.

ஆனால் வந்த கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கமும் இல்லையே. வெள்ளிக்கிழமை அன்ரி தன் கோப்பையை எடுக்க வந்துவிட்டா. வீட்டில் ஒரு வாழைப்பழம்கூட இல்லை. மாமி பதறிப்போய்ச் சட்டியில் இருந்ததை அள்ளிப் போட்டுக் கொடுத்துவிட்டா. கோழிக்கறி. தவக்கால வெள்ளிக்கிழமையில். அதுவும் உப்பில்லாமல்.

இந்த இரண்டில் எது அன்ரியைக் கூடுதலாகத் திகைக்க வைத்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மாமி அன்று முழுக்கத் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தா. நான் சிரித்துச் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே தூங்கிவிட்டேன்.

அன்புடன்
அக்கா ஷெரோன்


குருநகர்
26.03.2025

அன்புத் தங்கச்சி,

எங்கள் சுகத்தைப் பற்றி இனி நீ ஒழுங்கையில் யாரிடமும் கேட்கலாம். எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது.

திங்கட்கிழமை அன்ரி வந்தா. நாங்கள் கோயிலை விட்டுவிட்டு வேறு சபைக்குப் போய்விட்டோம் என்று அவவுக்குச் சந்தேகம். நேரே கேட்கவில்லை. சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்து, படம் இன்னும் இருக்குது என்று சொன்னா. மாமிக்கு விளங்கிவிட்டது. மாமிக்குப் பொய் வராது என்பது உனக்குத் தெரியும்.

“மக்டலீன், நாங்கள் ஒரு இடமும் போகேல்லை. பிள்ளைக்கு இப்ப மீன் ஆகாது. அவ்வளவுதான்.”

அந்த நேரம் பார்த்து நான் அறைக்குள்ளிருந்து வந்தேன். லீவு போட்டிருந்தேன். பகல் பத்து மணிக்கு, அதைத்த முகத்தோடு, கொட்டாவி விட்டுக்கொண்டு. அன்ரி என் முகத்தைப் பார்த்தா. பிறகு வயிற்றைப் பார்த்தா. அவவின் முகம் மலர்ந்த மாதிரி நான் எவரின் முகமும் மலர்ந்து கண்டதில்லை.

“கள்ளி, எங்களுக்கு ஒரு சொல்லுச் சொன்னியே?” என்று கன்னத்தைக் கிள்ளினா.

நான் வாயைத் திறந்தேன். சரியான பதில் கான்சர் என்ற சொல்லில் தொடங்க வேண்டும். மூடிவிட்டேன். மாமி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றா.

இப்போது கோப்பைகள் மாறிவிட்டன. பிள்ளைத்தாச்சிக்கு மீன் மணத்தால் சத்தி வருகிறதாம், ஆகவே எல்லோரும் மரக்கறி அனுப்புகிறார்கள். கால் வீங்காமல் இருக்க டொக்டர் உப்பை மறித்துவிட்டாராம், ஆகவே உப்பில்லாமல் அனுப்புகிறார்கள். பூசணிக்காய், முருங்கைக்காய், பச்சை மாங்காய், விளாம்பழம். ஆஸ்பத்திரியில் சொன்னதை எழுதி ஒட்டியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக யாரும் செய்திருக்க மாட்டார்கள். நாங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஆனால் ஒரு பெரிய பொய் எங்களுக்கு மூன்று நேரமும் சாப்பாடு போடுகிறது.

கரையில் ஜெரிசனைத் தோளில் தட்டுகிறார்களாம். சும்மா இருங்கோடா என்று அவர் கோபத்தோடு சொன்னால், வெட்கப்படுகிறான் என்று இன்னும் இரண்டு தட்டு.

அன்புடன்
அக்கா


குருநகர்
29.03.2025

அன்புத் தங்கச்சி,

நலம். நாளைப் பின்னேரம் பஸ் ஏறுகிறோம். பையில் இரண்டு சீலை, இரண்டு நாளைக்குச் சாப்பாடு, ஒரு தடித்த நாவல். மாமி அவித்த மரவள்ளிக்கிழங்கு கட்டித் தருகிறா, வழியில் கடைச் சாப்பாடு வேண்டாம் என்று.

நேற்றுச் சிலுவைப்பாதைக்குப் போனேன். மக்டலீன் அன்ரிதான் மன்றாட்டுச் சொன்னா. இயேசு தன் தாயைச் சந்திக்கிற நாலாம் தலத்தில், தாயாகப் போகிற எங்கடை ஷெரோனுக்காகவும் அவவின்ரை வயிற்றிலை இருக்கிற பிள்ளைக்காகவும் மன்றாடுவோம் என்று கோயில் முழுக்கக் கேட்கச் சொன்னா.

பிறகு ஐந்தாம் தலம் தொடங்கியது.

முழங்காலில் நிற்கக் கால் உளைந்தது. மற்றபடி சுகம். எனக்காகச் செபி.

அக்கா


கண்டி
30.03.2025
மகிழ்ச்சி ஞாயிறு

அன்பின் அக்கா,

இன்று சுவாமி ரோசாப்பூ நிற உடுப்போடு பூசை வைத்தார், எங்களுக்குத் தேத்தண்ணியோடு கேக் கிடைத்தது, எழுதவும் விட்டார்கள். நான் நல்ல சுகம்.

கோழிக்கறிக் கடிதம் வந்த நாள் சாப்பாட்டு அறையில் மௌனம் காக்க வேண்டிய நேரம். நான் சிரிப்பை அடக்கப் போய்ப் புரையேறி, தாய்ச் சிஸ்டர் முதுகில் தட்டும்படி ஆகிவிட்டது. நேற்று பச்சை மாங்காய்க் கடிதமும் வந்தது. இங்கே இருக்கிற எல்லோரும் உங்களுக்காகச் செபிக்கிறார்கள். எதற்காக என்று சொல்லவில்லை, மீனுக்கு ஏங்கும் என் அக்காவுக்காக என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அக்கா, கடிதத்தை மூடிய பிறகு திரும்பத் திறந்து எழுதுகிறேன். நான் சிரித்தது சரி. அன்ரி உங்கள் வயிற்றைப் பார்த்தபோது உங்களுக்கும் சிரிப்பாகத்தான் இருந்ததா?

இனி உயிர்ப்புக்குப் பிறகுதான் எழுதலாம். கொழும்புக்குப் பத்திரமாகப் போய் வாங்கோ.

ஜசிந்தா


கொழும்பு
03.04.2025

அன்புத் தங்கச்சி,

படம் எடுத்தாகிவிட்டது. இருவரும் சுகம். இன்று பஸ் ஏறுகிறோம். வீட்டில் உன் கடிதம் ஏதும் வந்து கிடக்கும் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை முதலில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சொன்னால் போதாது, சோதிக்க வேண்டும் என்று அந்தத் தாதி ஒரு சின்னக் குப்பியைத் தந்தா. நல்ல பிள்ளை, தமிழும் கொஞ்சம் கதைத்தா. பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, “நெகற்றிவ், சந்தோசம்,” என்றா. இந்த ஒரு கட்டிடத்தில்தான் அது நல்ல செய்தி. எங்கள் ஒழுங்கையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து நான் அதைக் கேட்க வேண்டியிருந்தது.

பிறகு ஈயப் பெட்டியைத் திறந்து ஒரு குளிசை தந்தார்கள். விழுங்கினால் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், தனிக் கோப்பை, தனிப் பாய், சின்னப் பிள்ளைகளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கும் கிட்டப் போகக்கூடாது. விடுதியில் ஜெரிசன் தன் பாயை வாசலோரம் போட்டுக்கொண்டு, அங்கிருந்து என்னோடு கதைத்தார். கலியாணம் பேசின காலத்திலும் இவ்வளவு தள்ளி இருந்து கதைக்கவில்லை என்றார்.

புதன்கிழமை படம். உலோகம் ஒன்றும் உடம்பில் இருக்கக்கூடாது. தாலியைக் கழற்றி ஜெரிசனிடம் கொடுத்தேன். அவர் அதைச் சேட்டுப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், யாரோ பறிக்க வருகிற மாதிரி. ஒடுக்கமான மேசையில் என்னைப் படுக்கவைத்தார்கள். கமரா என் மூக்குக்கு மேல் வந்து நின்று, ஆமை மாதிரிக் காலை நோக்கி நகர்ந்தது. நோவில்லை, சத்தமும் அதிகமில்லை. அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவே. கழுத்துக்கு மேல் அது நின்ற நேரம் நீளமா குறைவா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

படத்தில் என்ன இருக்கிறது என்று இருபத்துநாலாம் திகதி கிளினிக்கில்தான் சொல்வார்கள்.

நீ முதல் கடிதத்தில் கேட்டாயே, பயமாக இருக்கிறதா என்று. ஓம். இருக்கிறது.

அக்கா


கண்டி
21.04.2025

அன்பின் அக்கா,

உயிர்ப்பின் சமாதானம் உங்கள் மூவரோடும் இருக்கட்டும். நான் நல்ல சுகம். நேற்று மூன்று மடத்துக்குச் சாப்பாடு பரிமாறி, இன்று கை உளைவோடு எழுதுகிறேன்.

உங்கள் கடைசி இரண்டு கடிதங்களையும் தவக்காலம் முடியுமட்டும் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். என் மகிழ்ச்சி ஞாயிற்றுக் கடிதம் கோயிலில் அந்த மன்றாட்டு நடந்த பிறகுதான் உங்கள் கையில் கிடைத்திருக்கும் என்று நினைக்கக் கவலையாக இருந்தது. தெரிந்திருந்தால் மாங்காயைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன்.

நாலாம் தலத்துக்கும் ஐந்தாம் தலத்துக்கும் நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுந்து வந்துவிட்டீர்களோ என்று பயந்தேன். எழுத விருப்பம் இல்லையென்றால் விடுங்கோ. இருபத்துநாலாம் திகதி முழுநாளும் உங்களோடு இருப்பேன், இங்கிருந்தபடியே.

ஜசிந்தா


குருநகர்
27.04.2025

அன்புத் தங்கச்சி,

சுகம். இந்தச் சொல்லை இந்த வருடத்தில் முதல் தடவையாக முழுதாக எழுதுகிறேன்.

கிளினிக்குக்கு மாமிதான் துணைக்கு வந்தா. ஜெரிசன் கடலுக்குப் போகத்தான் வேண்டும் என்று நானே அனுப்பிவைத்தேன், வீட்டில் இருந்தால் சுவரைத் தின்றிருப்பார். டொக்டர் கணினியில் படத்தைத் திருப்பிக் காட்டினார். நான் கறுப்புப் புள்ளிகளால் ஆனவளாக இருந்தேன். வாயில் கொஞ்சம், வயிற்றில் கொஞ்சம், அதெல்லாம் எல்லோருக்கும் வருவதாம். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. இவ்வளவு அழகான வெறுமையை நான் பார்த்ததில்லை. நல்லாய் ஆயத்தம் செய்திருக்கிறீர்கள், படம் தெளிவாக வந்திருக்கிறது என்றார். இனிப் பிள்ளைக்கும் தடையில்லையாம். மாமி அவரிடம் நன்றி சொல்வதற்குப் பதிலாக மக்டலீனுக்கு நன்றி சொன்னா. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். நான் எழுந்து போகவில்லை. எழுந்து போகத்தான் நினைத்தேன். ஆனால் கோயில் முழுக்க, ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று சொன்னபோது, நானும் அவர்களோடு சேர்ந்து சொன்னேன். கரகரத்த குரலில், சத்தமாக. இல்லாத ஒரு பிள்ளைக்காக அவ்வளவு பேரும் முழங்காலில் நின்றார்கள். தாய் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது?

இப்போது வெள்ளிக்கிழமை விடிய நடந்ததைச் சொல்கிறேன். படத்தின் முடிவைப் போனில் ஜெரிசனுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஸ்ஸால் இறங்கி, மாமியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓட்டோ பிடித்து நேரே கரைக்குப் போனேன். வள்ளங்கள் வந்துகொண்டிருந்தன. மக்டலீன் அன்ரி தராசுக்குப் பக்கத்தில் கூடையோடு நின்றா. நான் திரும்ப மீன் சாப்பிடத் தொடங்கியதால் சத்தி நின்றுவிட்டது என்று அவவுக்கு ஏற்கெனவே சந்தோசம். இந்த நிலையில் பஸ்ஸில் அலைகிறியே என்று ஏசத் தொடங்கினா.

ஜெரிசன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். கேட்கவில்லை. கேட்க முடியவில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்றுதான் நான் வந்திருந்தேன். என்னைப் பற்றி உனக்குத் தெரியும். பல்லுக்குத்து வந்தாலும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் அழுவேன். ஆனால் அந்த முகத்தை வீடு வரைக்கும் காத்திருக்க வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

“சுத்தமாம்,” என்றேன்.

என்ன சுத்தம் என்று அன்ரி கேட்டா.

திரும்பி அவவைப் பார்த்தேன். “அன்ரி, போன வருசம் வெட்டினது கழலை இல்லை. கான்சர். இப்ப ஒண்டும் இல்லையாம். அந்தப் படம் எடுக்கத்தான் நான் மீனை விட்டனான்.”

தராசில் நின்ற பெடியன் மீனைப் போடாமல் நின்றான். வலை தட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஜெரிசன் தண்ணீருக்குள்ளேயே நின்றார், முகத்தில் வழிந்தது கடல்தண்ணீர் மட்டும் இல்லை. அன்ரி என் கழுத்தில் இருந்த தழும்பை விரலால் தொட்டா. அதுவரை அந்த இடத்தை டொக்டரையும் ஜெரிசனையும் தவிர ஒருவரும் தொட்டதில்லை. தன் நெற்றியில் சிலுவை போட்டா. பிறகு ஏதோ ஞாபகம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டா.

“அப்ப, நாங்கள் நாலாந் தலத்திலை செபிச்ச பிள்ளை?”

அவ்வளவு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஜசிந்தா. எனக்கு வெட்கம் வரவில்லை.

“இனித்தான், அன்ரி.”

கரை முழுக்கச் சிரித்தது. ஜெரிசன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவிழாத முடிச்சு ஒன்றை வள்ளத்தில் அவசரமாகத் தேடினார். காது இரண்டும் சிவந்துவிட்டன. அன்ரி கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவரை ஒரு பார்வை பார்த்தா.

“செபம் முந்திப் போட்டுது. பரவாயில்லை. உவன் பிந்தாமல் இருந்தால் சரி.”

சந்தோசமாய் இரு, தங்கச்சி.

உன் அக்கா
ஷெரோன்